எக்ஸெல் கேள்வி பதில்: அடைப்புக்குறிக்குள்ள ஒரு மரம்

இந்தத் தடவ வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், "ஃபார்முலா வேல செய்யுது, ஆனா ஏன் வேல செய்யுதுன்னு தெரியல" இல்லன்னா "வேல செய்யல, ஏன்னு தெரியல". ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான், ஃபார்முலாவ பேப்பர்ல ஒரு மரமா வரைஞ்சு பார்க்கறது, அதனால எல்லாத்தையும் சேர்த்து ஒரே மூச்சுல எழுதிட்டேன். ஃபார்முலாவ எல்லாம் இங்க தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், ஷீட்ல அடிக்கிறப்ப நீங்க எப்பவும் அடிக்கிற மாதிரி இங்கிலீஷ்லயே அடிங்க.

கேள்வி: சார், திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்கேன். எனக்கு முன்னாடி இருந்தவர் சம்பள ஷீட்ல கைக்கு வர்ற தொகைக்கு இப்படி ஒரு ஃபார்முலா போட்டு வச்சிட்டுப் போயிட்டார். பி காலம்ல பேசிக், டி காலம்ல கிராஸ். தலையும் புரியல வாலும் புரியல, கை வைக்கவும் பயமா இருக்கு. இத எப்படிப் படிக்கிறது?

=டி2-இஃப்(டி2<=21000,ரவுண்ட்அப்(டி2*0.75%,0),0)-ரவுண்ட்(மின்(பி2,15000)*12%,0)

(வாசகி, திருப்பூர்)

பதில்: மொதல்ல இத இடமிருந்து வலம் படிக்கிறத விடுங்கம்மா. நம்ம கண்ணு அப்படிப் பழகிடுச்சு, ஆனா எக்ஸெல் அப்படிப் படிக்கிறது இல்ல. ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எல்லாம் முடிஞ்ச பிறகு கட்டக்கடைசியா நடக்குற கணக்கு எது? அதத்தான் பேப்பர்ல உச்சியில எழுதணும். அத எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, எந்த அடைப்புக்குறிக்கும் உள்ள மாட்டாம வெளிய நிக்கிற குறி எதுன்னு பாருங்க. உங்க ஃபார்முலால ரெண்டு கழித்தல் குறி வெளிய நிக்குது, ஒண்ணு இஃப்புக்கு முன்னாடி, ஒண்ணு ரவுண்டுக்கு முன்னாடி. ஒரே ரேங்க்ல ரெண்டு குறி இருந்தா எக்ஸெல் இடது பக்கத்துல இருக்கறத முதல்ல முடிக்கும், அப்ப வலது பக்கம் நிக்கிற கழித்தல்தான் கடைசி. அது உச்சி. அதுக்குக் கீழ ரெண்டு கிளை, இடது பக்கம் இருக்கறது பூராவும் ஒரு கிளை, வலது பக்கம் இருக்கறது பூராவும் இன்னொரு கிளை. ஒவ்வொரு கிளையிலயும் மறுபடி அதே கேள்வி, இங்க கடைசியா நடக்குறது எது? இப்படியே செல் பேரோ வெறும் நம்பரோ வர்ற வரைக்கும் இறங்கிட்டே போகணும். வரைஞ்சு முடிச்சா தலைகீழா நிக்கிற மரம் மாதிரி இப்படி நிக்கும்:

கழித்தல்
├ கழித்தல்
│   ├ டி2
│   └ இஃப்
│       ├ டி2 <= 21000
│       ├ ரவுண்ட்அப்
│       │   ├ டி2 × 0.75%
│       │   └ 0
│       └ 0
└ ரவுண்ட்
    ├ பெருக்கல்
    │   ├ மின் (பி2, 15000)
    │   └ 12%
    └ 0

இப்ப பாருங்க, பயம் போச்சா? உச்சியில இருந்து பார்த்தா விஷயம் மூணே மூணு, கிராஸ், அதுலேர்ந்து இ.எஸ்.ஐ. கழியுது, அப்புறம் பி.எஃப். கழியுது. அவ்வளவுதான். இஃப் இருக்கற கிளை இ.எஸ்.ஐ., சம்பளம் 21,000க்குள்ள இருந்தா 0.75 சதவீதம், பைசா வந்தா அடுத்த முழு ரூபாய்க்கு ஏத்துறாங்க, அதுக்குத்தான் ரவுண்ட்அப். கீழ இருக்கறது பி.எஃப்., பேசிக்ல 12 சதவீதம், ஆனா 15,000க்கு மேல பேசிக் போனாலும் 15,000க்குத்தான் கணக்குன்னு உங்க கம்பெனி வச்சிருக்கு, அதுக்குத்தான் அந்த மின். இதுல கிட்டத்துல இருக்கற ரூபாய்க்கு ரவுண்ட் பண்றாங்க.

கணக்கு போடறப்ப மட்டும் கீழேர்ந்து மேல ஏறணும். ஒருத்தருக்கு பேசிக் 16,000, கிராஸ் 20,500ன்னு வச்சுக்குவோம். இ.எஸ்.ஐ. கிளையில 20,500க்கு 0.75% அப்படின்னா 153.75, ரவுண்ட்அப் ஆகி 154. பி.எஃப். கிளையில 16,000, 15,000 ரெண்டுல சின்னது 15,000, அதுல 12% 1,800. மேல போனா 20,500லேர்ந்து 154 போய் 20,346, அதுலேர்ந்து 1,800 போய் 18,546. எந்தக் கிளையில எந்த நம்பர் வந்துச்சுன்னு மரத்து மேலயே பக்கத்துல பென்சில்ல குறிச்சுக்கிட்டா, நாளைக்கு ஒருத்தர் வந்து "எனக்கு ஏன் கம்மியா வந்திருக்கு"ன்னு நின்னா அந்தப் பேப்பர அப்படியே காட்டலாம்.

இந்தப் பென்சில் குறிப்ப ஷீட்லயே சரிபார்க்கவும் வழி இருக்கு. ஃபார்முலா பார்ல ஒரு கிளைய மட்டும், உதாரணத்துக்கு மின்(பி2,15000)*12% வரைக்கும் செலக்ட் பண்ணி எஃப்9 தட்டுங்க, அந்த இடத்துல 1800ன்னு வந்து நிக்கும். பார்த்துட்டு கண்டிப்பா எஸ்கேப் தட்டுங்க, என்டர் தட்டினா ஃபார்முலாக்குள்ள 1800ங்கிறது நிரந்தரமா உக்காந்துக்கும், அடுத்த மாசம் பேசிக் மாறினாலும் அது மாறாது. இன்னொண்ணு, கிளையா இல்லாத துண்ட செலக்ட் பண்ணினாலும் சில சமயம் எஃப்9 ஏதோ ஒரு நம்பரக் காட்டும். =ஏ2*பி2+சி2ல பி2+சி2வ மட்டும் செலக்ட் பண்ணிப் பாருங்க, கூட்டித் தரும், ஆனா நிஜத்துல அந்தக் கூட்டல் அங்க நடக்கவே இல்ல. அதனால மரம் முதல்ல, எஃப்9 அப்புறம்.

இனிமேதான் முக்கியமான விஷயம். மரம் வரைஞ்சா இருக்கறது மட்டும் இல்ல, இல்லாததும் தெரியும். இ.எஸ்.ஐ. கிளைய மறுபடி பாருங்க, அதுக்குக் கீழ தொங்குறதெல்லாம் டி2, 21000, 0.75%, ரெண்டு பூஜ்யம், அவ்வளவுதான், மாசம்னு ஒண்ணு எங்கயுமே இல்ல. ஆனா ரூல்படி ஏப்ரல் டு செப்டம்பர் ஒரு கான்ட்ரிபியூஷன் பீரியட், அக்டோபர் டு மார்ச் இன்னொண்ணு. பீரியட் ஆரம்பிக்கிறப்ப 21,000க்குள்ள இருந்தவருக்கு ஜூன்ல இன்கிரிமென்ட் வந்து 21,800 ஆச்சுன்னா, செப்டம்பர் முடியற வரைக்கும் இ.எஸ்.ஐ. பிடிச்சே ஆகணும், அதுவும் முழு 21,800க்கும். உங்க ஃபார்முலா ஜூன்லயே பிடிக்கிறத நிறுத்திடும். பீரியட் ஆரம்பத்துல அவர் கவர் ஆகியிருந்தாரான்னு சொல்ல தனியா ஒரு காலம் போட்டு, இஃப்போட முதல் கிளையில டி2 <= 21000 இருக்கற இடத்துல அந்தக் காலத்தோட கண்டிஷன வைக்கணும். ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மாத்துங்க, ஆனா மாத்தாம விட்டுடாதீங்க.

கேள்வி: ஸ்கூல்ல மார்க் ஷீட் போடறேன். 35லேர்ந்து 60க்குள்ள இருந்தா "செகண்ட் கிளாஸ்"னு வரணும்னு =இஃப்(35<=பி2<60,"செகண்ட் கிளாஸ்","") போட்டேன். எர்ரர் வரல, ஆனா ஒரு பிள்ளைக்கும் வரமாட்டேங்குது. 48 மார்க் வாங்கின பிள்ளைக்குக் கூட வரல. (ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: டீச்சர், போர்டுல கணக்குல எழுதறப்ப 35 ≤ எக்ஸ் < 60ன்னு எழுதினா அது ஒரே வாக்கியம். எக்ஸெல்லுக்கு அது ரெண்டு தனித்தனி ஒப்பீடு, ஒண்ணு மேல ஒண்ணு. மரத்துல உச்சியில நிக்கிறது ரெண்டாவது குறி, அதாவது <. அதோட வலது கிளை 60, சரி. இடது கிளை என்ன? பி2ன்னு நினைக்கிறீங்க, ஆனா அங்க தொங்குறது 35<=பி2ங்கிற முழு ஒப்பீடு. 48க்கு அதோட விடை ட்ரூ. அப்ப மேல நடக்குறது "ட்ரூ 60ஐ விடச் சின்னதா?"ங்கிற கேள்வி. எக்ஸெல்ல ட்ரூ, ஃபால்ஸ் ரெண்டுமே எந்த நம்பரையும் விடப் பெருசுன்னு வச்சிருக்காங்க, அதனால விடை எப்பவும் ஃபால்ஸ். மார்க் 48 ஆனாலும் 8 ஆனாலும் 98 ஆனாலும் காலி செல்தான். வேடிக்கை என்னன்னா இதே ஃபார்முலாவ எக்ஸெல் மாதிரியே இலவசமாக் கிடைக்கிற லிப்ரே ஆபீஸ்ல போட்டா அங்க ட்ரூன்னா 1, ஃபால்ஸ்னா 0, ரெண்டும் 60ஐ விடச் சின்னது, அதனால கிளாஸ்ல இருக்கற அத்தன பேரும் செகண்ட் கிளாஸ் ஆயிடுவாங்க!

சரியான மரத்துல இஃப்புக்குக் கீழ ஒரு ஆண்ட் இருக்கணும், அந்த ஆண்டுக்குக் கீழ அக்கம்பக்கமா ரெண்டு ஒப்பீடு: =இஃப்(ஆண்ட்(பி2>=35,பி2<60),"செகண்ட் கிளாஸ்",""). பி2 ரெண்டு தடவ வருதேன்னு சலிச்சுக்காதீங்க, ரெண்டு கேள்வி கேக்கறோம், ரெண்டு தடவதான் வரும்.

கேள்வி: ஃபார்முலாஸ் டேப்ல ட்ரேஸ் ப்ரிசிடென்ட்ஸ் அமுக்கினா நீலமா அம்புக்குறி வருதே, அதுவும் நீங்க சொல்ற மரமும் ஒண்ணுதானா? அப்படின்னா பேப்பர் எதுக்கு? (வாசகர், கோவை)

பதில்: ஒண்ணு இல்ல. அம்புக்குறி காட்டுறது செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கற உறவு, இந்த செல்லுக்கு எங்கேர்ந்தெல்லாம் சரக்கு வருதுன்னு. ஒரு ஃபார்முலாவோட வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு அது காட்டாது. =ஏ2*(பி2+சி2)க்கும் =ஏ2*பி2+சி2க்கும் ட்ரேஸ் ப்ரிசிடென்ட்ஸ் போட்டுப் பாருங்க, ரெண்டுக்கும் அதே மூணு செல்லுலேர்ந்து அம்பு வரும், விடை வேற வேறயா இருக்கும். உள்ள இருக்கற அமைப்புக்கு மரம், வெளிய இருக்கற தொடர்புக்கு அம்பு. உள்ளுக்குள்ள படிப்படியாப் பார்க்க எவால்யுவேட் ஃபார்முலான்னு பக்கத்துலயே ஒரு பட்டன் இருக்கு, அடுத்து எந்தத் துண்ட கணக்குப் போடப் போகுதோ அதுக்கு அடிக்கோடு போட்டுக் காட்டும், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கிளை மடிஞ்சு நம்பராகும். நல்ல பட்டன்தான், ஆனா மொத்த வடிவத்தையும் ஒரே பார்வையில காட்டாது, கிளிக் பண்ணிப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள ஆரம்பம் மறந்துடும். அதனாலதான் பேப்பர் பேப்பர்னு சொல்லிட்டே இருக்கேன்.

ஆனா அம்ப ஒதுக்கிடாதீங்க, அதோட எஃப்2வையும். செல்லுல போய் எஃப்2 தட்டினா அந்த ஃபார்முலா தொடற ஒவ்வொரு ஏரியாவையும் சுத்தி கலர் கலரா கட்டம் போடும். இந்தக் கட்டத்தக் கவனிக்காததால என்ன ஆகும்கிறதுக்கு உலகம் பூரா பேசின ஒரு கேஸ் இருக்கு. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2010ல ஒரு கட்டுரை போட்டாங்க, நாட்டோட கடன் ஜி.டி.பி.ல 90 சதவீதத்தத் தாண்டினா வளர்ச்சி படுத்துடும்னு. பல நாட்டு அரசியல்வாதிங்க செலவக் குறைக்கணும்னு வாதாட அத எடுத்துக் காட்டினாங்க. 2013ல மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டி மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவங்ககிட்டயே அந்த எக்ஸெல் ஷீட்ட வாங்கிப் பார்த்தா, சராசரி எடுக்கற ஃபார்முலா 30வது வரியிலேர்ந்து 49வது வரி வரைக்கும் போக வேண்டியது, 44லயே நின்னிருக்கு. 20 நாட்டுல அஞ்சு நாடு, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க், கணக்குலயே இல்ல. எஃப்2 தட்டியிருந்தா கலர் கட்டம் நடுவுலயே நிக்கிறது கண்ணுல பட்டிருக்கும். நியாயமா ஒண்ணு சொல்லணும், அந்த ஒரு தப்பால மட்டும் வந்த வித்தியாசம் சுமார் 0.3 சதவீதப் புள்ளிதான், சில வருஷத்து டேட்டாவ விட்டதும் நாடுகளுக்கு வெயிட் கொடுத்த விதமும்தான் பெரிய வித்தியாசத்தக் கொண்டு வந்ததுன்னு ஹெர்ண்டனும் அவரோட பேராசிரியர்களும் காட்டினாங்க. ஆனா ஜனங்க மனசுல நின்னது அந்த எக்ஸெல் தப்புதான்.

அது அம்பும் கட்டமும் பிடிச்சுக் கொடுக்கற வகை. மரம் மட்டுமே பிடிக்கிற வகையும் இருக்கு. 2012ல ஜே.பி. மார்கன் பேங்குக்கு லண்டன்ல 600 கோடி டாலருக்கு மேல நஷ்டம் வந்துச்சுல்ல, அதப் பத்தி பேங்கே வெளியிட்ட ரிப்போர்ட்ல, ரிஸ்க் கணக்குக்கு வச்சிருந்த ஷீட்ல புது ரேட்டுலேர்ந்து பழைய ரேட்டக் கழிச்சு அந்த ரெண்டோட சராசரியால வகுக்கறதுக்குப் பதிலா கூட்டுத்தொகையால வகுத்திருந்ததா சொன்னாங்க. நஷ்டத்துக்குக் காரணம் அது மட்டும் இல்ல, ஆனா தப்பு எப்படின்னு பாருங்க. ரெண்டு நம்பரோட கூட்டுத்தொகை சராசரியப் போல ரெண்டு மடங்கு, அதனால விடை பாதியாயிடுச்சு, ரிஸ்க் கம்மியாத் தெரிஞ்சுது. அம்பு போட்டுப் பார்த்தா எல்லாம் சரியான செல்லுலேர்ந்துதான் வரும், கலர் கட்டமும் சரியா இருக்கும். வகுத்தலுக்குக் கீழ வலது கிளையில என்ன உக்காந்திருக்குன்னு வரைஞ்சு பார்க்கறவங்களுக்கு மட்டும்தான் அது சிக்கும்.

கேள்வி: இன்கம்டாக்ஸ் ஸ்லாப்புக்கு இஃப்புக்குள்ள இஃப்னு போட்டுப் போட்டு கடைசியில எத்தன அடைப்புக்குறி மூடணும்னே தெரியாமப் போச்சு. எத்தன இஃப் வரைக்கும் எக்ஸெல் தாங்கும்? (வாசகர், சேலம்)

பதில்: இப்ப 64 அடுக்கு வரைக்கும் தாங்கும், 2007 வெர்ஷனுக்கு முன்னாடி 7தான். எக்ஸெல் தாங்கும், நீங்க தாங்குவீங்களாங்கிறதுதான் கேள்வி.

2025-26 நிதியாண்டுக்கான புது முறை ஸ்லாப்ப எடுத்துக்குங்க. 4 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அப்புறம் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம், 24 லட்சத்துக்கு மேல 30. இத இஃப்புல எழுதினா இப்படி ஆரம்பிக்கும்:

=இஃப்(பி2<=400000,0,இஃப்(பி2<=800000,(பி2-400000)*5%,இஃப்(பி2<=1200000,20000+(பி2-800000)*10%,இஃப்(பி2<=1600000,60000+(பி2-1200000)*15%,

இன்னும் போகுது. இத மரமா வரைஞ்சா வலது பக்கம் மட்டும் கீழ கீழ சரிஞ்சுட்டே போற ஒத்தக்கிளை மரம், ஒவ்வொரு இஃப்போட மூணாவது கிளையில அடுத்த இஃப். அந்த மாதிரி வடிவம் பேப்பர்ல வந்தாலே நான் வேற வழி தேட ஆரம்பிச்சுடுவேன். ஏன்னா 20000, 60000ங்கிற நம்பரெல்லாம் யாரோ கால்குலேட்டர்ல போட்டு உள்ள தள்ளினது, பட்ஜெட்ல ஒரு ஸ்லாப் மாறினா அதுக்குக் கீழ இருக்கற எல்லாத்தையும் கையால மாத்தணும்.

இப்ப ஸ்லாப்ப வேற கண்ணால பாருங்க. ஒவ்வொரு எல்லையத் தாண்டறப்பவும் ரேட் 5 சதவீதம் ஏறுது, அவ்வளவுதான். அப்ப 4 லட்சத்துக்கு மேல இருக்கற மொத்தத்துக்கும் 5%, 8 லட்சத்துக்கு மேல இருக்கறதுக்கு இன்னொரு 5%, 12க்கு மேல இன்னொரு 5%, இப்படியே ஆறு எல்லை (மேக்ஸ் ரெண்டுல பெருசத் தரும், அதனால தாண்டாத எல்லைக்குப் பூஜ்யம்தான் வரும்):

=5%*(மேக்ஸ்(0,பி2-400000)+மேக்ஸ்(0,பி2-800000)+மேக்ஸ்(0,பி2-1200000)+மேக்ஸ்(0,பி2-1600000)+மேக்ஸ்(0,பி2-2000000)+மேக்ஸ்(0,பி2-2400000))

கூட்டலையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து ஒரே முடிச்சா வரைஞ்சா உச்சியில ஒரு பெருக்கல், கீழ அந்தக் கூட்டல், அதுக்குக் கீழ ஒரே மாதிரி ஆறு கிளை, அகலமா, ஆழம் இல்லாம. ஒரு கிளை புரிஞ்சா ஆறும் புரிஞ்சுது. 13 லட்சத்துக்கு போட்டுப் பாருங்க, 9 லட்சம், 5 லட்சம், 1 லட்சம், மிச்சம் மூணும் பூஜ்யம், மொத்தம் 15 லட்சம், அதுல 5% 75,000. இஃப் வழியில போனாலும் 60,000 கூட்டல் 15,000, அதே 75,000தான். ஆறு எல்லையையும் ஹெச்2லேர்ந்து ஹெச்7 வரைக்கும் எழுதி வச்சுட்டா, ஒவ்வொரு வரியாப் பெருக்கி மொத்தத்தையும் கூட்டித் தர்ற சம்ப்ராடக்ட் வச்சு இன்னும் சுருக்கலாம்: =5%*சம்ப்ராடக்ட்((பி2>ஹெச்2:ஹெச்7)*(பி2-ஹெச்2:ஹெச்7)). 12 லட்சம் வரைக்கும் கிடைக்கிற ரிபேட், 4% செஸ் இதெல்லாம் இதுல இல்ல, அதுக்கெல்லாம் தனித்தனி காலம் போடுங்க, ஒரே செல்லுக்குள்ள திணிக்காதீங்க.

இல்ல சார், எனக்கு இஃப்தான் வேணும்னா, ஃபார்முலா பார்ல ஒவ்வொரு இஃப்புக்கும் முன்னாடி ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அமுக்குங்க, புது வரிக்குப் போகும், ஸ்பேஸ் விட்டு உள்ள தள்ளி எழுதுங்க. எக்ஸெல் அந்த இடைவெளியக் கண்டுக்காது, உங்களுக்கு ஃபார்முலாவே மரமாத் தெரியும், எத்தன அடைப்புக்குறி மூடணும்கிற தொல்லையும் பாதி குறையும்.

கேள்வி: =-2^2 போட்டா எக்ஸெல் 4ன்னு சொல்லுது. பத்தாவது படிக்கிற என் பொண்ணு -4ன்னு அடிச்சு சொல்றா. யார் சரி? (வாசகர், மதுரை)

பதில்: பாடப்புத்தகப்படி உங்க பொண்ணு சரி, அடுக்கு முதல்ல, மைனஸ் அப்புறம். எக்ஸெல்ல ஒரு நம்பருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு நிக்கிற மைனஸ் அடுக்கை விட முன்னாடி நடக்கும், அதனால மரத்துல உச்சியில அடுக்கு, அதோட இடது கிளையில -2, வலது கிளையில 2, விடை 4. ஆனா =0-2^2ன்னு போட்டுப் பாருங்க, அங்க மைனஸுக்கு ரெண்டு பக்கமும் நம்பர் இருக்கறதால அது கழித்தல் ஆயிடுது, கழித்தல் அடுக்குக்குப் பின்னாடிதான் நடக்கும், -4 வரும். எக்ஸெல்லுக்குள்ளயே மேக்ரோ எழுதற வி.பி.ஏ.ல அதே -2^2 போட்டா -4தான், அதையும் பொண்ணுகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவா.